முதலாம் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவில் ஓர் இரவு இருக்கிறது

புற்றுநோய் மருந்துகளின் ஆரம்பக் கட்டப் பரிசோதனைகளை நடத்தும் வைத்தியர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் முல்லைத்தீவு நோயாளி ஒருவரின் கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி அவரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினொயிட் சிஸ்டிக் கார்சினோமா என்ற அரிய புற்றுநோய் அவருக்கு. முதல் மாத்திரை குடித்த மறுநாள் காலை, 24ஆம் மணிக் குருதியைக் கொடுக்க அவர் வரவில்லை. வராதபடியால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மருந்துப் போத்தலும் கிடைக்கவில்லை, இடமும் போய்விட்டது. அந்தக் காலைக்கு முந்திய இரவு அவர் எங்கே படுத்தார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டு எழுதுவதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த ஓர் இரவுக்கு நோயாளிக்கு ஒரு கட்டிலும், துணைக்கு வருபவருக்கு ஒரு கதிரையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மருந்தின் அளவு எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படி.

முதலாம் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு நிற்க வேண்டும். முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. ஆகவே முதல்நாள் இரவே பஸ் ஏறி, ஒட்டுசுட்டான், மாங்குளம் கடந்து ஏ9 வீதியால் கொழும்புக்கு விடிய விடிய ஓட வேண்டும். வந்ததும் குருதி எடுக்கக் கையில் கனியூலா என்ற சிறு குழாயை ஏற்றுவார்கள், இ.சீ.ஜி. எடுப்பார்கள், மருந்துக்கு முந்திய குருதி எடுப்பார்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு மாத்திரை. அதன் பின் அரை மணியில், ஒரு மணியில், இரண்டில், நான்கில், ஆறில், எட்டில் என்று குருதி. எட்டாம் மணி மாதிரி முடிய மாலை ஐந்தாகிவிடும். தாதி மேசையைத் துடைப்பார், அறை பூட்டப்படும். "நாளைக்குக் காலமை வாங்கோ, சாப்பிடாமல், மருந்து குடிக்காமல்."

சரி, நாளைக்கு வரலாம். ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. இனி அந்த நோயாளி யார் என்று பாருங்கள். கழுத்துக்குக் கதிர்சிகிச்சை எடுத்தவர். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும், உமிழ்நீர் ஊறாது, பிசைந்து கரைத்த சாப்பாட்டைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு மணித்தியாலமாக விழுங்குகிறவர். பஸ் நிலையத்துக் கடையில் கொத்துரொட்டி உண்டு, கஞ்சி இல்லை. தொண்டையில் ஓட்டையிட்டு மூச்சுக்காக வைக்கும் ட்ரக்கியொஸ்டமிக் குழாய் இருந்தால் உள்குழாயை இரவிலும் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் சளி காய்ந்து பொருக்காகி மூச்சை அடைக்கும். சளி உறிஞ்சும் இயந்திரத்துக்கு மின்சார முனை வேண்டும். தூசிக்கும் புகைக்கும் குழாய் வாயில் ஈரத்துணி வேண்டும், தலைமாடு உயரமாக இருக்க வேண்டும். இவற்றில் எது பஸ் நிலைய வாங்கில் கிடைக்கும்? லொட்ஜுக்குப் போனால், கழுத்தில் ஓட்டையும் கையில் கனியூலாவுமாக நிற்கிறவரைப் பார்த்ததும் அறை இல்லை என்று விடுகிறார்கள். தொற்றும் என்று பயம். லொட்ஜ்காரரிடம் கோபிக்கவும் முடியாது, அவர் நெறிமுறைக் குழுவில் இருப்பவரல்லவே.

இப்படி இரவைக் கழித்தவர் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டால் அதற்குப் பெயர் ஒத்துழையாமை.

24ஆம் மணிக் குருதி ஏன் வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். அடுத்த மாத்திரைக்கு முன் உடலில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறது, நாளுக்கு நாள் அது சேர்ந்துகொண்டு போகுமா என்பதை அந்த மாதிரிதான் சொல்லும். அதை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பெறுமதியான குருதி என்றால், அது ஓடுகிற உடம்பை அந்த இரவு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

நட்டம் உங்களுக்கும்தான். மருந்தின் ஓர் அளவில் முதலில் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் கடும் பக்கவிளைவு வந்தால் இன்னும் மூன்று பேர். ஆறில் இருவருக்கு வந்தால் அதற்கு மேல் அளவைக் கூட்டுவதில்லை. பல முதற்கட்ட ஆய்வுகள் இந்தக் கணக்கில்தான் நகர்கின்றன. முதல் மூன்று நான்கு கிழமைக்குள், பக்கவிளைவு அல்லாத வேறு காரணத்தால் மருந்து தவறிப்போனவரைக் கணக்கில் எடுக்க முடியாது. அவருக்குப் பதில் இன்னொருவரைத் தேட வேண்டும். அரிய புற்றுநோய்க்கு இன்னொருவரை எங்கே தேடுவீர்கள்? ஆள் கிடைக்கும் வரை அடுத்த அளவு திறக்காது. ஒரு கட்டில் இல்லாததால் மாதக்கணக்கில் ஆய்வு நிற்கும்.

கட்டிலுக்கு முன்னாலும் எத்தனையோ படலைகள். ஆய்வில் சேர வருகிற நோயாளர் பலர் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள். இந்த நோய் நரம்பு வழியாக ஊர்ந்து போவது, அதனால் எம்.ஆர்.ஐ. கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா" என்ற கேள்விக்கு வன்னியில் எத்தனை பேர் "இல்லை" என்று எழுத முடியும்? 2009 போரில் உடம்பில் ஏறிய ஷெல் துண்டை எங்கள் சனம் விரும்பி வைத்திருக்கவில்லை. "உண்டு" என்றதும் படிவத்தை மூடுவதற்குப் பதில், முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய குருதிக் குழாய்க்கோ கிட்ட என்றால் எம்.ஆர்.ஐ. வேண்டாம், சீ.ரி. ஸ்கானோடு விடலாம். தொடைத் தசையில் பதினைந்து வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடக்கிற துண்டு என்றால், கதிரியல் வைத்தியர் பார்த்து முடிவு சொல்லட்டும்.

அடுத்தது பழைய பயொப்சிக் கட்டை. முதல் சத்திரசிகிச்சையின்போது எடுத்த, மெழுகில் பதித்த திசு வேண்டும் என்கிறீர்கள். இந்த நோய் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். முதல் சத்திரசிகிச்சை 2006இல் என்றால் கட்டையும் இல்லை, அறிக்கையும் இல்லை. இடம்பெயர்ந்த சனம் உயிரைத்தான் கொண்டுவந்தது. புதிதாகப் பயொப்சி எடுக்க இடம் விடுங்கள். நோய் வளர்கிறது என்று காட்ட முந்திய ஸ்கானும் கேட்பீர்கள்; எங்களிடம் பிலிம் இருக்கும், இறுவட்டு இருக்காது. இறுவட்டையும் கேட்டு வாங்கும்படி நோயாளிக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் விட்டு, 28 நாள் கடந்த ஸ்கான் செல்லாது என்று மறுபடி எடுக்கச் சொல்கிறீர்கள். ஸ்கானுக்குத் திகதி கிடைக்கும்போது குருதி அறிக்கை பழசாகிவிடுகிறது. பிறகு அதற்கு ஒரு பஸ்.

"மாத்திரையை முழுதாக விழுங்க முடியாதவர் சேர முடியாது" என்ற நிபந்தனையையும் சொல்லாமல் விட முடியாது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான ஆய்வில்! வயிற்றுக் குழாயால் சாப்பிடுகிறவர் எல்லோரும் வெளியே. மாத்திரையை உடைத்தால் மருந்து உறிஞ்சப்படும் வேகம் மாறும் என்பது விளங்குகிறது. அப்படியானால் கரைசலாகக் கொடுக்கும் வழியை ஆய்வின் தொடக்கத்திலேயே பார்ப்பது மருந்து செய்பவரின் வேலை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு வருகிறோம்.

கட்டிலோடு சேர்ந்த சில சின்னக் காரியங்களும் உண்டு. பயணச் செலவைப் பற்றுச்சீட்டுக் கொடுத்த பிறகு, மாதங்கள் கழித்துத் தருகிறீர்கள். உள்ளூரிலிருந்து பிரதான வீதிக்குக் கொண்டுவந்து விடும் முச்சக்கரவண்டிக்காரர் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. துணைக்கு வருபவர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர். போக்குவரத்துப் பணம் புறப்படுவதற்கு முன் கையில் வர வேண்டும். ஆய்வை முடித்தால்தான் கொடுப்பனவு என்று வைக்கக் கூடாது என்பது நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறையிலேயே இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் பாதுகாப்புக் குருதிப் பரிசோதனைகளை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எடுத்து அறிக்கையை அனுப்பலாம். குருதிக்கல எண்ணிக்கையையும் ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் பார்க்கக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தைப் பற்றி ஒரு வரி. முதல் மூவரில் ஒருவராகச் சேர்பவருக்குக் கிடைக்கும் அளவு நோயைத் தொடாத அளவாகவும் இருக்கலாம் என்பதைப் பதினெட்டாம் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் முதல் பக்கத்தில், வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். "புது மருந்தாம், மாறுமாம்" என்று வருகிறவர்களுக்கு அதைச் சொல்லும் வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இரவில் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால் அழைக்கச் சொல்லி ஓர் அட்டை கொடுக்கிறீர்கள். துணுக்காயிலிருந்து அந்த இலக்கத்துக்கு எடுத்தால் சிங்களத்தில் பதில் வருகிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, தொலைபேசியை எடுப்பவருக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த அட்டையில் மருந்தின் குறியீடு, கடைசியாகக் குடித்த அளவு, சேர்த்துக் கொடுக்கக் கூடாத மருந்துகள் ஆகியவை மூன்று மொழியிலும் இருந்தால் உள்ளூர் ஆஸ்பத்திரி வைத்தியர் இரவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டார்.

ஆகவே மறுபடியும் தயவாகக் கேட்கிறோம். நெறிமுறைக் குழுவினரே, அடுத்த ஆய்வுத் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது முதலாம் நாள் அட்டவணையை எடுத்து, எட்டாம் மணிக்கும் இருபத்துநான்காம் மணிக்கும் இடையில் நோயாளி எங்கே இருப்பார் என்று கேளுங்கள். பதில் எழுதப்படாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆய்வு நடத்துகிறவர்களே, அடுத்த அளவில் மூன்று இடம் திறக்கும்போது கட்டிலை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். முல்லைத்தீவுக்கு எடுப்பதானால் பின்னேரம் நான்கு மணிக்கு முன் எடுக்கவும். அதற்குப் பிந்தினால் அன்றிரவு பஸ்ஸுக்கு ஆள் வெளிக்கிட ஏலாது.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து புற்றுநோயாளருக்குத் துணையாக வருகிறவர்கள்