முத்தைத் தங்கம் போல் கழுவாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கேரள எல்லையில் செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வெளுப்பும் சாயமும் ஏற்றாத, பாட்டி காலத்து முத்துமாலையைக் கல்யாணத்துக்கு முன் சுத்தம் செய்ய ஒரு நகைக்கடையில் கொடுத்தோம், தங்க வளையல்களோடு சேர்த்து அதையும் மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள், இப்போது சுண்ணாம்பு போல மங்கிக் கிடக்கிறது, மனசே ஆறவில்லை. முத்து கல் அல்ல. சிப்பிக்குள் கால்சியம் கார்பனேட்டும் புரதமும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது, எலுமிச்சை, வினிகர் பட்டால் அரித்துவிடும். சென்ட், ஹேர் ஸ்ப்ரே, வியர்வையும் ஆகாது. அதனால் அலங்காரமெல்லாம் முடித்துக் கடைசியில் அணியுங்கள், வீடு வந்ததும் முதலில் கழற்றி, லேசான ஈரத்துணியால் துடைத்து, துணிப்பையில் தனியாக வையுங்கள். அப்புறம், நூல் நனைந்திருந்தால் தொங்கவிடாமல் படுக்கவைத்தே உலர்த்துங்கள். நகைக்கடைக்காரர்களே, முத்தைத் தயவுசெய்து தனியாகக் கையால் துடையுங்கள்.

– ஒரு வாசகி, செங்கோட்டை