ஆண்டறிக்கை: பழ ஈயின் உறிஞ்சுகுழலும் அதை இயக்கும் நியூரான்களும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மதுரையில் நம் மன்றத்தின் கூட்டங்களும் செய்முறை வகுப்புகளும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தன: சர்க்கரைத் துளி பட்டதும் பழ ஈ உறிஞ்சுகுழலை நீட்டுவது எப்படி, சில வேளை நீட்டாமல் இருப்பது ஏன்?

குழல் நுனியில் இனிப்பை உணரும் நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்குள்ள எம்.என்.9 என்ற இயக்க நியூரான் 9ஆம் எண் தசையைச் சுருக்கினால் குழலின் அடிப்பாகம் தூக்கிக்கொண்டு முன்னே வரும். திரவத்தை உள்ளிழுக்கும் பம்பு எம்.என்.11, எம்.என்.12 ஆகியவற்றின் பொறுப்பு. எஃப்.டி.ஜி என்ற ஒரே ஒரு ஜோடி நியூரான்களைத் தூண்டினாலே, உணவு இல்லாதபோதும், உண்ணும் அசைவுகள் முழுவதும் நடப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. பசித்த ஈயில்தான் அந்த ஜோடி உணவைக் கண்டு விழிக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு தடுப்புப் பக்கத்தைக் காட்டியது: காபா என்ற, நரம்புச் செயலை அடக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் நான்கு நியூரான்களை முடக்கியதும், வயிறு நிறைந்த ஈகூட கசப்பு, இனிப்பு பாராமல் உண்டது. 2024 அக்டோபரில் ஈயின் முழு மூளையின் வரைபடமே, 1,39,255 நியூரான்களுடன், வெளியாகிவிட்டது. இந்தத் துறையைப் பின்தொடர இதைவிட நல்ல காலம் இல்லை.

செய்முறைக்கு வருகிறேன். ஈக்களை 18 முதல் 24 மணி நேரம் பட்டினி போட வேண்டும். ஈரப்பஞ்சு குப்பியில் இருந்தே ஆக வேண்டும், இல்லையேல் ஈ பசியால் அல்ல, வறட்சியால் சாகும். ஐஸில் மயக்கி, 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையின் நுனியை வெட்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஏற்றுங்கள். ஈரப்பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டபின், முதலில் வெறும் தண்ணீரைத் தொட்டுக் காட்டி, நீட்டுவதை நிறுத்தும்வரை குடிக்க விடுங்கள். இதைத் தவிர்த்தால் தாகத்தைப் பசியென்று எழுதிவிடுவோம். பிறகு 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 3.42 கிராம் சர்க்கரை கரைத்த கரைசலைக் குழல் நுனியில் தொடுங்கள்; குடிக்க விடாதீர்கள், குடித்தால் அடுத்த முறை மறுமொழி குறையும். அதே கரைசலில் 0.194 கிராம் கசப்பான காபீன் சேர்த்தால் நீட்டுவது தணிய வேண்டும். முடிவில் அதே அளவு தண்ணீரில் 34.2 கிராம் சர்க்கரை கரைத்த கரைசலுக்கும் நீட்டாத ஈயைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அது ஏற்றும்போது நசுங்கியிருக்கும். நம் பதிவேட்டில் 'நீட்டவில்லை' என்று இருப்பவற்றில் பெரும்பகுதி கைத்தவறே, நரம்பின் செயல் அல்ல என்பது என் கருத்து.

வளர்ப்பு வெப்பநிலை 25 டிகிரி. 30ஐத் தாண்டி வளர்ந்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும்; சித்திரையில் நம் ஊர் அறைகள் எளிதாகத் தாண்டும். குப்பிகளை ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் நிழலில் வையுங்கள், வெப்பமானி பானைக்குள்ளேயே இருக்கட்டும். மாட்டுத்தாவணி பழக்கழிவில் பிடிப்பவற்றில் பல இனங்கள் கலந்திருக்கும். முன்காலில் சீப்பு போன்ற கறுப்பு மயிர்வரிசையும் வயிற்று நுனியில் கருமையும் உள்ள ஆண்களே மேற்சொன்ன ஆய்வுகளின் இனத்தோடு ஒப்பிடத் தக்கவை.

நத்தம் பகுதி மாந்தோட்டக்காரர்கள் 'பழ ஈ' என்று சொல்வது காய்க்குள் முட்டையிடும் வேறொரு ஈயை. அவர்கள் கேட்டு வரும்போது அந்த ஈயின் ஆண்களை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியைச் சொல்லுங்கள்; நம் குப்பியைக் காட்டாதீர்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஐஸ்பெட்டி ஒன்றும் பிப்பெட் முனைகளும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்