ஹோங்சுன், சீதி கிராமப் பயணம்: வியாழனுக்குள் பெயர் தரவும்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் மார்ச் 28, 29 (சனி, ஞாயிறு) ஆகிய இரு நாட்களும் சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்திலுள்ள ஹோங்சுன், சீதி கிராமங்களுக்குச் செல்கிறோம். 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த இவ்வூர்களை அவசரமாகப் பார்ப்பதில் பயனில்லை என்பதால், நாளுக்கு ஓர் ஊர் மட்டுமே வைத்துள்ளேன். ஹோங்சுனில் மிங் அரசமரபுக் காலத்துக் கால்வாய் இன்றும் வீட்டு வாசல்களை ஒட்டி ஓடி, ஊர் நடுவே பாதி நிலா வடிவக் குளத்தில் சேர்கிறது. காற்றடிக்காத விடியலில் வெள்ளைச் சுவர்களும் கருப்பு ஓடுகளும் அந்நீரில் அப்படியே தெரியும். அதைக் காணவே சனி இரவு அங்கே தங்குகிறோம். ஞாயிறு சீதியில், 1578-இல் எழுப்பிய கல் வளைவு.

1. சனி காலை 7 மணிக்கு ஹாங்சோ கிழக்கு ரயில் நிலையத்தில் கூடவும். ஹுவாங்ஷான் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி வேனில் செல்வோம்.
2. பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் தேவை என்பதால் அசல் கடவுச்சீட்டு கட்டாயம்.
3. கற்பாதை மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி, குடை.
4. சைவம் மட்டும் உண்போர் முன்கூட்டியே சொல்லவும். அங்கே காய்கறியையும் பன்றிக்கொழுப்பில் வதக்குவதுண்டு.

வருவோர் பெயரையும் எண்ணிக்கையையும் மார்ச் 19, வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிவிடவும். கடவுச்சீட்டுப் படத்தை எனக்குத் தனியாக அனுப்பவும், குழுவில் வேண்டாம்.