சாலை உயர்கிறது, வீடு புதைகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1996-ஆம் ஆண்டு வேளச்சேரியில் வீடு கட்டிக் குடிவந்தபோது, தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் எங்கள் வாசலுக்கு வர வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டிக் கொட்டிச் சாலை போட்டதில் அந்த மூன்று படிகளும் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் நுழைகிறோம்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு 2021-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டார். பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரங்கள் கண்ணில் படுகின்றன. எங்களுடையதைப் போன்ற உட்தெருவில் அவற்றை நான் பார்த்ததில்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பார்கள். காரை மேலே ஏற்றிவிடலாம். தரைத்தளத்தில் குடியிருப்பவர் எங்கே போவார்? மழை வலுத்தால் முதலில் கழிவறைப் பீங்கான் வழியாகத்தான் சாக்கடை நீர் எதிர்த்து வரும். அதன் வாயில் மணல் மூட்டையை வைத்து அழுத்தி, செங்கல் அடுக்கி அதன் மேல் ஃப்ரிட்ஜை ஏற்றி, சம்ப் மூடியைச் சுற்றிச் சிமெண்டு பூசி, இரவெல்லாம் விழித்திருப்பது எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது.

இவற்றை விட என்னை வருத்துவது, ஒருவர் சமாளிப்பது அடுத்தவர் தலையில் விடிவதுதான். தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றால் யாராவது பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் வாசலில் நீர் வடிகிறது, ஆனால் கழிவுநீருக்கென்று போட்ட குழாய் மழைநீரையும் தாங்காமல், தாழ்வான வீட்டின் கழிவறையில் பொங்குகிறது. வசதி உள்ளவர்கள் சுவரின் அடியை அறுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, வீட்டையே மூன்றடி நான்கடி தூக்கிவிடுகிறார்கள். அதற்கு லட்சக்கணக்கில் செலவாகிறது. தூக்கிய வீட்டின் முற்றத்து நீரும் தூக்க முடியாத பக்கத்து வீட்டுக்கே பாய்கிறது. அங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள்.

எங்கள் பகுதி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலில் சேர வேண்டும். அந்தப் பாதையைச் சீராக்க வேண்டியது மிக அவசியம்தான். ஆனால் வாசல் தெருவை விடத் தாழ்ந்துவிட்டால், எவ்வளவு பெரிய மழைநீர் வடிகால் கட்டினாலும் முற்றத்து நீர் அதன் வாய்க்கே ஏறாது.

நான் கேட்பது இதுதான். எந்தத் தெருவில் தார் போடுவதற்கு முன்பும், இப்போதுள்ள மட்டத்தை அளந்து, மின்கம்பத்தில் பெயிண்டால் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சாலை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரக் கூடாது. அந்த அளவைத் தெருவாசிகள் முன்னிலையில் எடுத்து, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு டேப்பும் ஒரு டப்பா பெயிண்டும் இருந்தால் நடக்கிற வேலை இது. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.