சுவரோரம் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சர்வதேச ராக்கெட்பால் சாம்பியன்ஷிப் முடிந்து நாங்கள் திரும்பி வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பெண்கள் இரட்டையர் பிரிவில் காலிறுதி வரை போனோம். வாழ்த்து அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இந்தக் காலிறுதிக்காக எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால் இந்தப் பொது மடல்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம் இது. கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். நான்கு சுவரும் கூரையும் ஆட்டத்தில் சேர்த்தி. ஒற்றையரில் இரண்டு பேர் ஓடும் அதே அறைக்குள் இரட்டையரில் நான்கு பேர் ஓடுகிறோம். ஒருத்தி சர்வ் போடும்போது அவளுடைய ஜோடி, பக்கச் சுவரை ஒட்டி 18 அங்குல அகலத்தில் போட்டிருக்கும் பெட்டிக்குள், முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். பந்து முன்சுவரில் பட்டுத் திரும்பி, கோர்ட்டின் நடுவில் குறுக்கே போகும் ஷார்ட் லைனைத் தாண்டும் வரை வெளியே வரக் கூடாது. பந்து தன் மேலேயே வந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் எனக்காக நின்ற என் ஜோடிக்குத்தான் முதல் நன்றி. என்னைவிட எட்டு வயது சின்னவள். கோர்ட்டுக்கு வெளியே நான் அவளுக்கு அக்கா. உள்ளே போனால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, கிடையாது என்று ஆவதற்குத்தான் எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நான் வலக்கை, அவள் இடக்கை. வெளியிலிருந்து பார்க்க நல்ல பொருத்தம். இரண்டு பக்கச் சுவரோரமும் எங்களுக்கு ஃபோர்ஹேண்ட் கிடைக்கும். ஆனால் நடுவில் வரும் பந்து இருவருக்குமே பேக்ஹேண்ட். ஆரம்பத்தில் அந்தப் பந்துக்கு இரண்டு பேருமே கை நீட்டுவோம், இல்லையென்றால் இரண்டு பேருமே விட்டுவிடுவோம். மட்டையோடு மட்டை மோதி அவளுடைய விரல் வீங்கிய நாளும் உண்டு.

இதைத் தீர்த்து வைத்தவர் எங்கள் கோச். மூன்று வாரம், நடுவில் வரும் எந்தப் பந்தையும் நான் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குப் பக்கத்தில் வந்தாலும் அவளுக்குத்தான். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கோச்சுக்குத் தெரியும், ஆனாலும் விதியைத் தளர்த்தவில்லை. அப்புறம் மெக்சிகோவின் பாவோலா லோங்கோரியா, சமந்தா சாலஸ் ஜோடியின் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவார். அமெரிக்கக் கண்ட நாடுகள் மோதும் பான் அமெரிக்கன் போட்டியில், 2011 குவாதலஹாராவில் தங்கம், 2015 டொரன்டோவில் மறுபடியும் தங்கம் வென்ற ஜோடி. "அடிக்கிறவங்களை விடுங்க, அடிக்காதவங்க எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க" என்பார். ஒரே ரேலியை, அதாவது ஒரு சர்விலிருந்து பந்து நிற்கும் வரையான ஆட்டத்தை, நிறுத்தி நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருக்கிறோம்.

கோச், அந்த மூன்று வாரத்தின் பலன் குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் கிடைத்தது. முதல் கேம் எங்களுக்கு 15–12, இரண்டாவது அவர்களுக்கு 15–10. 11 புள்ளிக்கு ஆடும் மூன்றாவது கேமான டைபிரேக்கரில் 9–9. என் சர்வ். திரும்பி வந்த பந்து சரியாக நடுவில், முழங்கால் உயரத்தில். என் மட்டை பின்னால் போய்விட்டது. "எனக்கு!" என்று அவள் குரல். கையை இழுத்துக்கொண்டு வலது சுவரோடு ஒண்டினேன். அவள் அடித்த பந்து முன்சுவரும் தரையும் சேரும் இடத்தில் பட்டு, துள்ளவே இல்லாமல் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. 10–9. அடுத்த புள்ளியும் எங்களுக்கே. அவ்வளவுதான், நாக் அவுட் சுற்றுக்குள் வந்துவிட்டோம்.

காலை ஐந்தரை மணிக்கு எங்களோடு ஆட வந்த அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. பெண்கள் ஜோடி போதுமான அளவு இல்லாததால் உங்களைக் கேட்டோம். நீங்கள் சர்வின் வேகத்தைக் குறைக்காமல் ஆடியதுதான் பெரிய உதவி. என் கெண்டைக்காலைப் பயணத்துக்கு முன்னால் சரிசெய்து அனுப்பிய பிசியோவுக்கும், லீவு தந்த அலுவலகத்துக்கும் நன்றி. என் மகளின் தேர்வு நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட என் அத்தைக்கு என்ன சொல்வது? "நீ ஆடிட்டு வா, நான் இருக்கேன்" என்று அனுப்பி வைத்தீர்கள். நான் திரும்பி வரும் வரை மகளின் காய்ச்சலைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை.

இனி, பெயர்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு. எங்கள் மட்டைப் பை வழியில் தங்கிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கண் கவசம் இல்லாமல் கோர்ட்டுக்குள் விடவே மாட்டார்கள். வேறொரு நாட்டு அணியின் வீராங்கனை தன் பையைத் திறந்து கண் கவசங்களையும் இரண்டு மட்டைகளையும் எடுத்து நீட்டினார். கைப்பிடி எனக்குத் தடிமனாக இருந்ததைப் பிடித்த விதத்திலேயே கண்டுகொண்டார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கிரிப்பை முழுக்க உரித்து, மெல்லியதாக ஒன்றைச் சுற்றினார். பாதியில் நிறுத்தி என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுற்றினார். மணிக்கட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். எங்களுக்குள் பொது மொழி ஒன்றும் இல்லை. அந்த மட்டையோடுதான் முதல் வெற்றி.

காலிறுதியில் எங்களைத் தோற்கடித்த ஜோடிக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். இரண்டாவது கேமில் 13–12 என்று நாங்கள் முன்னால் இருந்தோம். தரையோடு தரையாக ஒரு பந்தை அவர்களில் ஒருவர் எடுத்து, ரேலியையும் முடித்துவிட்டார். அடிப்பதற்கு முன் பந்து இரண்டு முறை துள்ளியதாக எங்களுக்குச் சந்தேகம், துள்ளியிருந்தால் அந்த அடி செல்லாது. முறையிட்டோம். கோட்டு நடுவர்கள் இருவரும் உள்ளங்கையைக் கீழே காட்டினார்கள், சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நடுவரின் தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றிருக்கும். அப்போது அந்தப் பெண் தானே முன்னால் வந்து, தரையைக் காட்டி இரண்டு விரலை உயர்த்தினார். புள்ளி எங்களுக்கு வந்தது. கேமையும் ஆட்டத்தையும் கடைசியில் அவர்கள்தான் எடுத்தார்கள். கை குலுக்கும்போது எனக்கு அந்த இரண்டு விரல்தான் கண்ணில் நின்றது.

தோற்று வெளியே வந்ததும் என் ஜோடி பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, 14–13ல வந்த நடுப் பந்து உங்களுக்கு விட்டிருக்கணும்" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவளிடம் சொல்லவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: நீ எடுத்தது சரிதான்டா, கூப்பிட்டுவிட்டுத்தானே எடுத்தாய்.

கோச், திங்கட்கிழமை ஐந்தரைக்கு இரண்டு பேரும் வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
வலது பக்கம் ஆடுபவள்