காட்பாடி ரயிலடியில் வழி சொன்ன ஐயாவுக்கு நன்றி

சென்னை சாந்தோம் பேராலயத்துக்குக் கிளம்பிய வேலூர்க்காரர்களுக்கு வழி சொன்னீர்களே ஐயா, பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி. சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே பூங்கா நகரில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். கலங்கரை விளக்கத்தில் இறங்கி ஆட்டோ. அதைவிட உதவியது இன்னொன்று: இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில், அதற்கு வாசல் தனி, கோயிலுக்குப் பின்பக்கம். தெரியாமல் முன்வாசலில் நுழைந்து தேடினால் பூசைக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைய வெள்ளைக் கோதிக் பாணிக் கட்டடம் 1896-ஐச் சேர்ந்தது. கோபுரம் 155 அடி. கிட்டே நின்று படமெடுத்தால் உச்சி வெட்டுப்படும். பீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடியில் தோமையார் இயேசுவின் காயத்தைத் தொடுகிறார். பிளாஷ் வேண்டாம் என்றது சரி: கண்ணாடிக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். இருட்டிய பிறகு போனால் கறுப்புத்தான்.