காமிக்ஸ் வாசகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஆண்டறிக்கையில் நூலக இருப்பு என்று நான் வாசித்த எண்ணிக்கையில் 30 புத்தகங்கள் அதிகம். இரவல் போய்த் திரும்பியவற்றை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். பொருளாளர் சபையிலேயே எழுந்து தப்பு என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்குப் போய் மறுபடி கூட்டினேன், அவர் சொன்னதுதான் சரி. திருத்திய பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஆண்டு முடிவில் உறுப்பினர் 41 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர், அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஒன்று மழையில் போயிற்று. இன்னொன்றுக்கு நம் அறையை ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் நான் எதைப் போட்டாலும் பேச்சு கடைசியில் மார்வெல் காமிக்ஸின் முகமூடி வில்லன் டாக்டர் டூமில் போய்த்தான் நின்றது. பழைய லயன் காமிக்ஸ் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) கதைகளைப் பற்றி ஆகஸ்டில் ஒரு முழுக் கூட்டம் வைத்தோம். குற்றச் சக்கரவர்த்தியாக வந்து பிறகு நல்லவனான ஆளைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தக் கூட்டமே இருபதாவது நிமிஷத்தில், “அதே மாதிரி டூமையும் நல்லவனாக்கிவிட்டால்?” என்று ஒரு தம்பி கேட்டதோடு திசை மாறிவிட்டது. ஆகவே இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அந்த விவகாரம்தான். குறிப்பேட்டில் இருப்பதைத்தானே நான் வாசிக்க முடியும்.

புதியவர்களுக்காகப் பின்னணி. மார்வெல் முதலில் போட்ட திட்டத்தில், அதன் சூப்பர் ஹீரோக்கள் கூட்டணியான அவெஞ்சர்ஸின் அடுத்த படத்துக்கு வில்லன் காங். அந்த வேடத்தில் நடித்தவரை 2023 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் மேடையில் பச்சை அங்கியும் முகமூடியும் அணிந்த ஒரு கூட்டத்தை நிறுத்தினார்கள். நடுவில் இருந்தவர் முகமூடியைக் கழற்றினால் ராபர்ட் டவுனி ஜூனியர். “புது முகமூடி, அதே வேலை” என்றார். பத்து வருஷத்துக்கு மேல் அயர்ன் மேனாக இருந்து, 2019-இல் திரையில் செத்துப்போய், நம்மில் பலரை அழவைத்த அதே முகம். படத்தின் பெயர் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’. இயக்கம் ரூஸோ சகோதரர்கள். 2026 மே 1 என்று இருந்த வெளியீட்டை டிசம்பர் 18-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதாவது கவலைப்படுவதற்கு நமக்கு இன்னும் ஏழு மாதம் சொச்சம் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன கவலை? அக்டோபர் கூட்டத்தில் நமது இளைய உறுப்பினர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் வாசித்தார். முழுவதையும் இங்கே தர இடமில்லை. சாரம் இது: ஒரே நடிகர் என்பதற்காக, இவன் வேறொரு பிரபஞ்சத்து டோனி ஸ்டார்க் (அயர்ன் மேனின் நிஜப் பெயர்) என்று சொல்லிவிடுவார்களோ? அப்படிச் சொன்னால் டூம் என்று ஒருவன் இல்லாமலே போய்விடுவான், கெட்டுப்போன ஸ்டார்க் மட்டும்தான் மிஞ்சுவான். அறிவிப்பில் விக்டர் வான் டூம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், பெயர் பத்திரம், பயப்படாதே என்று துணைத்தலைவர் அண்ணன் சமாதானம் சொன்னார். “பேரு சரிண்ணே, ஆள் யாரு?” என்று தம்பி திருப்பிக் கேட்டார். அன்று டீ ஆறிப்போனது.

இதில் செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே என் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

வில்லனை மாற்றுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. அவெஞ்சர்ஸின் பழைய வில்லன் தானோஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் ஸ்டார்லின் 1973-இல் உருவாக்கிய தானோஸ், மரணம் என்கிற பெண் உருவத்தின் மேல் காதல் கொண்டவன். 1991-இல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரில் பிரபஞ்சத்தில் பாதி உயிர்களை அவன் அழிப்பது அவளுக்குக் காணிக்கையாக. 2018 அவெஞ்சர்ஸ் படத்தில் அந்தக் காதலே கிடையாது. ஜனத்தொகை அதிகம், வளம் போதாது, பாதிப்பேரைக் குறைத்தால் மீதிப்பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் போடுகிறான். காரணம் தலைகீழ். ஆனாலும் தன் மேல் துளிச் சந்தேகம் இல்லாத அந்த நிதானத்தை விடவில்லை. அதனால் நாமும் ஏற்றுக்கொண்டோம். அயர்ன் மேனின் எதிரி மாண்டரின் விஷயம் கொஞ்சம் சிக்கல். 1964-இல் வந்த மாண்டரின், சீனர்களைப் பற்றி அமெரிக்காவில் அன்று இருந்த இளக்காரத்தையும் பயத்தையும் சேர்த்துப் பிசைந்த உருவம். அதை அப்படியே எடுத்திருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். 2013-இல் ‘அயர்ன் மேன் 3’ அவனை ஒரு கூலி நடிகன் என்று காட்டியபோது நான் தியேட்டரில் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பாப்கார்ன் காசுகூட வீண் என்று தோன்றியது. 2021-இல் ‘ஷாங்-சி’யில் டோனி லியுங் மாண்டரினின் பத்து வளையங்களோடு, மனைவியைப் பறிகொடுத்த கணவனாக வந்து நின்ற பிறகுதான் மனசு ஆறியது.

டூம் கதை வேறு. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்கிற சூப்பர் ஹீரோ நால்வரின் படங்களில் சினிமா அவனை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிப் பார்த்து இரண்டு முறையும் கெடுத்திருக்கிறது. (1994-இல் ரோஜர் கோர்மன் தயாரித்த படம் வெளியாகவே இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) 2005 படத்தில் விக்டர் நியூயார்க்கில் கோட்டு சூட்டு போட்ட கம்பெனி முதலாளி. ஜூலியன் மக்மஹன் நன்றாகத்தான் செய்தார். கடந்த ஜூலையில் அவர் காலமானபோது ஒரு நிமிடம் மௌனம் கடைப்பிடித்தோம். ஆனால் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். 2015 படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, டூமாக நடித்த டோபி கெபெல் ஒரு பேட்டியில், தன் பாத்திரத்தின் பெயர் விக்டர் டொமாஷேவ், மனிதரோடு ஒட்டாத ஒரு கணினி நிரலர், டூம் என்பது இணையத்தில் அவன் வைத்துக்கொண்ட புனைபெயர் என்றார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். படம் வந்தபோது பெயர் மறுபடி வான் டூம் ஆகியிருந்தது. பெயர் திரும்பியதே தவிர ஆள் திரும்பவில்லை. இந்த இடத்தில்தான் தம்பியின் கேள்வி சரியான கேள்வி.

இந்த இரண்டு படமும் பொதுவாகச் செய்த தப்பு ஒன்று உண்டு. நம் கூட்டங்களில் பெயர், முகமூடி, அவன் ஆளும் லாட்வேரியா நாடு என்று பேசியபோதெல்லாம் அது கண்ணில் படாமலே போயிற்று. இரண்டிலும் நால்வருக்குச் சக்தி கொடுத்த அதே விபத்துதான் டூமையும் உண்டாக்குகிறது. ஒரே பஸ்ஸில் போய், ஒரே பள்ளத்தில் விழுந்த ஐந்து பேர். நாலு பேர் நல்லவர், ஒருத்தர் கெட்டவர்.

காமிக்ஸில் அப்படியில்லை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ஐந்தாம் இதழில் டூமைக் கொண்டுவந்தார்கள். முழுப் பூர்வ கதையை 1964 ஆண்டு மலரில் சொன்னார்கள். நாடோடி ரோமா குடும்பத்துப் பிள்ளை. தாய் மந்திரவாதி, தந்தை வைத்தியர், இரண்டு பேரும் அவன் சின்ன வயதிலேயே போய்விடுகிறார்கள். அறிவால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை போகிறான். அங்கே மறு உலகத்தோடு தொடர்பு கொள்ள ஒரு இயந்திரம் கட்டுகிறான். சக மாணவன் ரீட் ரிச்சர்ட்ஸ் (பின்னால் அந்த நால்வருக்குத் தலைவன்) அவன் தாள்களைப் பார்த்துவிட்டு, உன் சமன்பாட்டில் தசமம் தள்ளியிருக்கிறது என்கிறான். இவன் கேட்கவில்லை. இயந்திரம் வெடிக்கிறது, முகம் காயப்படுகிறது, கல்லூரியை விட்டு அனுப்புகிறார்கள். நால்வர் ராக்கெட் ஏறுவதற்கெல்லாம் ரொம்ப முன்னால் நடந்தது இது. அவனுக்கு நேர்ந்ததற்கு வானத்துக் கதிர்வீச்சு காரணமில்லை. அவன் போட்ட கணக்குத் தப்பு. அதைச் சொன்னவனைத்தான் ஆயுசு முழுக்க வெறுக்கிறான்.

அப்புறம் திபெத்துக்குப் போகிறான். துறவிகளைக் கொண்டு இரும்பு முகமூடி வார்க்கிறான், அது முழுக்க ஆறுவதற்குள் எடுத்து மாட்டிக்கொள்கிறான். வெடிப்பில் டூமின் முகத்தில் விழுந்தது ஒரு சின்னத் தழும்புதான், அதைப் பொறுக்க மாட்டாத கர்வம் அவனுக்கு என்பது கிர்பியின் எண்ணம். எண்பதுகளில் ஜான் பைர்ன் அதை எடுத்து முடிச்சுப் போட்டார்: தழும்பு சின்னதுதான், முகத்தை உண்மையில் நாசமாக்கியது சுடச்சுட மாட்டிய அந்த முகமூடி. கணக்கில் தப்பு, ஒப்புக்கொள்ளவில்லை. தப்பை மறைக்க முகமூடி, அதற்கும் பொறுமையில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் சென்ற ஆண்டு பொருளாளரிடம் போய்ச் சரி என்று சொன்னேன். நானும் ஒரு பச்சை அங்கி தைத்துக்கொள்ளாமல் தப்பித்தேன்.

அதனால் யார் நடிக்கிறார் என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. டூமுக்கும் அயர்ன் மேனுக்கும் காமிக்ஸில் பழைய உறவும் உண்டு. 1981-இல் இரண்டு பேரும் ஆர்தர் மன்னர் காலத்துக்குப் போய் மோதினார்கள். 2016-இல் டூமே அயர்ன் மேன் கவசத்தை மாட்டிக்கொண்டு திருந்தப் பார்த்த தொடர் வந்தது. ஆகவே முகம் ஒன்றாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் ஸ்டார்க் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரிந்த மனிதன். தன் ஆயுதங்கள் யார் கைக்குப் போகின்றன என்று பார்த்த நாளில் உற்பத்தியை நிறுத்தியவன். அவனுடைய சோகத்தை டூமுக்கு இரவல் கொடுத்து, உலகம் இவனைக் கெடுத்தது, பாவம் என்று நம்மை நினைக்கவைத்தால், அந்தத் தசமப் புள்ளி காணாமல் போகும். எனக்கு அது மட்டும் வேண்டாம்.

சென்ற ஜூலை 25 அன்று ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ பார்க்க 17 பேர் சேர்ந்து போனோம். படத்தின் முடிவில், பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், அரங்கத்தில் விளக்கைப் போட்டுவிட்டுப் பெருக்க வந்துவிட்டார்கள். துடைப்பத்துக்கும் திரைக்கும் நடுவில் எட்டிப் பார்த்ததில் தெரிந்தது: நால்வரில் ஒருத்தியான சூ ஸ்டார்ம் திரும்பி வரும்போது பச்சை அங்கி ஆள் அவள் குழந்தை ஃபிராங்க்ளின் முன்னால் மண்டியிட்டிருக்கிறான், முகமூடி கையில். முகத்தைக் காட்டவில்லை. அரை நிமிஷக் காட்சிக்கு மூன்று கூட்டம் விவாதம். முகமூடியைக் கழற்றிக் குழந்தையிடம் முகம் காட்டுகிற டூம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன், பிறகு பேச்சு மாற்றினேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

தமிழ் டப்பிங் பற்றித் தனியாக ஒரு மனு வந்தது. அயர்ன் மேன் செத்துப்போகும் அந்த 2019 படம் ‘எண்ட்கேம்’ தமிழில் அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அது பொருந்தியதா என்று நம் சங்கத்தில் அன்றைக்கே இரண்டு கட்சி. இப்போது அதே முகத்துக்கு யார் குரல்? இன்னொரு சங்கடம்: டூம் தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘டூம்’ என்றே பேசுகிற பழக்கமுள்ளவன். ‘டூமுக்கு யாரும் கட்டளையிட முடியாது’ என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரித்திர நாடகம் போல ‘யாம்’ போட்டுவிடுவார்களோ என்று துணைத்தலைவர் பயப்படுகிறார். எனக்கென்னவோ ‘யாம்’ பிடிக்கும். ஒரு நாட்டுக்கு அதிபதி அல்லவா.

செயற்குழு முடிவு செய்தவை: டிசம்பர் 18 முதல் காட்சிக்கு முன்பதிவுக்கான பணத்தை நவம்பர் கூட்டத்தில் கட்ட வேண்டும். படம் பார்த்த ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் கதை சொல்லக்கூடாது, ஸ்டிக்கர் மூலமாகவும் கூடாது. டூமை எப்படி மாற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிய சீட்டுகள் பழுப்பு உறையில் ஒட்டி, பொருளாளரின் பீரோவில் இருக்கின்றன. ஜனவரியில் பிரிப்போம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தவறு இருந்தால் நானும் எழுந்து சொல்வேன்.

கடைசியாக நூலகம். 1989-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த, டூமும் மந்திரவாதி நாயகன் டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் நரகத்துக்குப் போய் டூமின் தாயின் ஆத்மாவை மீட்கிற அந்த கிராஃபிக் நாவல் நம்மிடம் இருப்பது ஒரே பிரதி. படம் வருவதற்குள் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டு 22 பேர் காத்திருக்கிறார்கள். அது நவம்பரிலிருந்து திரும்பி வரவில்லை. எடுத்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, இங்கே வாசிக்கப் போவதில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்